உன் வண்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது

கரா-சாய்,
ஆடுகள் குட்டி போடும் காலம், பனி இன்னும் முழங்காலளவு.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனன் உலார்பெக்குக்கு, உன் அக்காள் சாய்ராகுலைக் கட்டியவனும், கணவாய்மேல் இருக்கும் வானிலை நிலையத்தில் மேகம் பார்த்தே ஓய்வு பெற்றவனுமாகிய தெமிர்குல் எழுதிக்கொண்டது. உன் உடம்பு, சிமெண்டுத் தூசி குடிக்கும் உன் நுரையீரல், உன் காலணி, அறையில் உன்னோடு படுத்திருக்கும் பையன்கள் எல்லோரும் சுகந்தானே? இங்கே நான் சுகம், உன் அக்காள் சுகம், குதிரை சுகம், ஆடுகள் இடைவிடாமல் சுகம், பூனை எல்லோரையும்விடச் சுகம். இந்த வீட்டில் சுகமில்லாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான், அது நீ விட்டுவிட்டுப் போன பிக்கப் வண்டி. அதன் உடல்நிலையை உனக்குத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் உன்னிடம் எதைச் சொல்ல முடிகிறது? நான் ‘பேட்டரி’ என்று வாயைத் திறந்தால் “மேஸ்திரி கூப்பிடறார் அத்தான்” என்று வைத்துவிடுகிறாய். கஸான் நகரத்து மேஸ்திரிக்கு உன்னைக் கூப்பிடுவதைத் தவிர வேறு பிழைப்பே இல்லை போலிருக்கிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஜோல்தோஷின் மருமகன் உங்கள் ஊருக்கு ரயிலேறுகிறான், ஒரு பை உப்புத் தயிர் உருண்டையோடு இதையும் அவன் கையில் கொடுக்கிறேன். உருண்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு படி. அது கரைய நேரம் பிடிக்கும், கடிதமும் சின்னதில்லை.

முதல் பனி விழுந்த பிறகு ஒரு நாள் நீ பேசினாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். “வண்டிய வித்துருங்க அத்தான். கோச்கோர்ல மெதெர்னு ஒருத்தர் கேக்கறார். குளிர்ல ஒரே திருப்புல கிளம்புற வண்டின்னா எடுத்துக்கறேங்கறார். பனி போறதுக்குள்ள வந்து பாப்பார். நான் இனிமே அங்க வந்து என்ன பண்ணப் போறேன்” என்றாய். கடைசி வாக்கியத்தை நீ மெதுவாகத்தான் சொன்னாய், ஆனால் நம் போன் மெதுவாகச் சொல்வதைத்தான் வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லும். உன் அக்காள் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு நூடுல்ஸ் குதிரை வார் அகலத்துக்கு வந்தது. சாப்பிட்டு முடித்துக் கிண்ணங்களை அடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் அவன் வருவான்னு ஒரு நெனப்பு இருக்கு. வண்டி போயிருச்சுன்னா அவனும் போயிட்டான்.” நானோ உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், வண்டியைச் சரிபண்ணி மெதெர் கையில் சாவியைக் கொடுக்கிறேன் என்று. வண்டி கிளம்பினால் உன் அக்காள் முகத்தைப் பார்க்க முடியாது, கிளம்பாவிட்டால் உன் முகத்தைப் பார்க்க முடியாது. உன் முகம் தூரத்தில் இருப்பதால் அது கொஞ்சம் சௌகரியம், அவ்வளவுதான்.

வண்டியின் வியாதியைச் சொல்கிறேன் கேள். இலையுதிர்கால முடிவிலேயே அதற்கு மந்தம் தட்டிவிட்டது. சாவியைத் திருப்பினால் சோம்பலாகச் சுற்றும், இருமும், வெள்ளையாகக் கொஞ்சம் புகை விடும், மறுபடி படுத்துக்கொள்ளும். ரொம்ப நேரம் கெஞ்சினால் எழுந்து நிற்கும், ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும், கறுப்பாகப் புகை தள்ளும். நான் தினம் காலையில் போய் உட்கார்ந்து முயற்சி செய்வேன். மச்சான், உன்னிடம் மறைப்பானேன், அந்தக் காலைகள் எனக்குப் பிடித்துப்போய்விட்டன. முன்கண்ணாடியில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் உறைபனி படிந்து, உள்ளே உட்கார்ந்தால் பால் பாத்திரத்துக்குள் உட்கார்ந்த மாதிரி எங்கும் வெள்ளை. மலை இல்லை, ஊர் இல்லை, வயசு இல்லை. ரேடியோ மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் பாடும். சாவியைத் திருப்புவேன், அது கர் கர்ரென்று தாலாட்டும், நான் சாவியில் கை வைத்தபடியே கண்ணயர்ந்துவிடுவேன். ஒரு நாள் கனவில் நீ ஓட்டுகிறாய், நான் பக்கத்தில், வண்டி ஏரியின் பனிக்கட்டிமேல் போகிறது, அடியில் மீன்கள் அண்ணாந்து நம் சக்கரத்தைப் பார்க்கின்றன, உனக்கு மீசை இல்லை, நீ பள்ளிக்கூடம் போன காலத்து முகம். “அத்தான், கதவ நல்லா சாத்துங்க, குளிருது” என்கிறாய். விழித்துப் பார்த்தால் கதவு உண்மையாகவே திறந்திருக்கிறது, உன் அக்காள் தேநீர்க் கிண்ணத்தோடு நிற்கிறாள்.

“கிளம்பிச்சா?”

“ம், கிளம்பிச்சு.”

“எங்க போனீங்க?”

“ஏரிக்கு.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படியே போனால் மெதெர் வரும்போது வண்டிக்குள் ஒரு கிழவன் குறட்டை விடுவதைத்தான் காட்ட முடியும் என்று ஜோல்தோஷைக் கூப்பிட்டேன். அவன் பழைய டிராக்டர் ஓட்டி, எனக்கு இளையவன், என்னைவிடப் பத்து மடங்கு சத்தம். பானெட்டைத் தூக்கிப் பார்த்தான், பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. “இங்க பாருங்கண்ணே, மீசை மொளச்சிருக்கு. இது எப்படி சுத்தும்? பேட்டரியும் ஒரு உசுருதான், குளிர்ல விட்டா அதுவும் விறைக்கும்” என்றான். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றித் தேய்த்தோம், முனைகளை இறுக்கினோம், பொழுது சாய்ந்ததும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து கம்பளித் துண்டில் சுற்றி வைத்தோம். அது ஆடுகள் ஈனத் தொடங்கிய வாரம், அன்றைக்குப் பிறந்த குட்டி ஒன்றும் அதே மாதிரி சுற்றப்பட்டு உள்ளே கிடந்தது. குட்டி பேட்டரியைத் தன் கூடப்பிறந்தது என்று முடிவு செய்துவிட்டது. காலையில் நான் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் அது கத்திக்கொண்டே பின்னால் வரும், வண்டியின் பம்பருக்குக் கீழே நின்று அழும். அடுப்படியில் உன் அக்காள் இரண்டுக்கும் பால் வைக்காத குறை. பலன் இல்லாமலும் இல்லை, ஸ்டார்ட்டர் இப்போது வாலிபன் மாதிரி சுற்றியது. ஆனால் சுற்றியதோடு சரி. முன்பு சோம்பலாகச் சுற்றிக் கிளம்பாமல் இருந்தது, இப்போது சுறுசுறுப்பாகச் சுற்றிக் கிளம்பாமல் இருந்தது.

ஜோல்தோஷுக்கு இரண்டாவது மருந்து என்று எப்போதும் ஒன்றுதான், குதிரை. தன் குதிரைகள் இரண்டையும் பூட்டி, வண்டியை மேட்டு உச்சி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். என் வேலை சின்னது. இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும், சரிவில் வேகம் பிடித்ததும் காலை எடுக்க வேண்டும், சக்கரம் போய் எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கயிற்றை அவிழ்த்துவிட்டு வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினான். மச்சான், நீ எத்தனையோ தடவை அந்தச் சரிவில் ஓட்டியிருக்கிறாய், எஞ்சின் சத்தம் இல்லாமல் ஒரு தடவையாவது இறங்கியிருக்கிறாயா? பனி நிறைந்த பாதையில் சக்கரத்துக்குக்கூடச் சத்தம் இல்லை. வீடுகள் ஒவ்வொன்றாக வந்து புகைபோக்கியைக் காட்டிவிட்டு விலகிக்கொண்டன. வெயில் அப்போதுதான் மலைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, காற்றில் பனித்தூள் மினுமினுத்தது, நான் வேலை பார்த்த கணவாய் மேலே தெரிந்தது, அதன்மேல் ஒரே ஒரு மேகம், அதன் பெயரைக்கூட நான் சொல்வேன், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எந்தப் பெயரும் வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஜோல்தோஷ் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறான். என்னை வழியனுப்புகிறான் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். கொஞ்ச நேரத்தில் எங்கும் உலர்புல் வாசனை. ஜோல்தோஷின் புல் போருக்குள் வண்டி கதவு வரைக்கும் போயிருந்தது.

“கிளட்ச விடுங்க, கிளட்ச விடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். ஏன் விடல?” என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

“விட மனசு வரலப்பா.”

அவனுடைய மாடு வந்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் புல்லைத் தின்ன ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு ஜோல்தோஷே போய்த் தூலத்தைக் கூட்டிவந்தான். உனக்குத் தெரியாதவனா தூலத், நம் பக்கத்து மெக்கானிக், எஞ்சினைத் தொடாமலே வியாதியைச் சொல்வேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். ஆட்டுக்கறியை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டே எங்களுக்குப் பாடம் எடுத்தான். “எஞ்சின் எழுந்திருக்கணும்னா மூணு விஷயம் போதும். சுத்தணும், டீசல் வரணும், சூடு இருக்கணும். மூணும் இருந்தா அதுக்கு எழுந்திருக்கறதத் தவிர வேற போக்கே இல்ல.”

வானிலை நிலையத்தில் இருந்த பழக்கத்தில் நான் கேட்டேன், “காத்து வேண்டாமா?”

“காத்துக்கு என்னண்ணே கொறச்சல்? இந்த ஊர்ல ஓசியில கெடைக்கறதே அது ஒண்ணுதான்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அடுத்து டீசல். தூலத் வண்டிக்கு அடியில் கம்பளியை விரித்துப் படுத்தான், காதை வைத்துக் கேட்கிறான் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து குறட்டை வந்தது. எழுப்பினோம். எழுந்ததும் தெளிவாகச் சொன்னான், கோடைகாலத்து டீசல் தொட்டியில் கிடக்கிறது, குளிரில் இறுகிவிட்டது என்று. அது சரிதான். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே ஆறிப்போன ஆட்டுக்கொழுப்பு மாதிரி வெளுத்து உறைந்திருந்தது. தொட்டியை வடித்து, குளிர்காலத்து டீசல் ஊற்றி, ஃபில்டரை மாற்றி, குழாயில் நின்ற காற்றையெல்லாம் கையால் பம்பு அடித்து வெளியேற்றி, எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டில் சாண வறட்டித் தணலையும் வைத்தான். “இதுதான் வியாதி. இதத் தவிர வேற இல்ல” என்றான். வண்டி முன்னைவிட உற்சாகமாக இருமியது, முன்னைவிட நீளமாகப் புகை விட்டது, படுத்துக்கொண்டது. தூலத் மறுபடி வந்து உட்கார்ந்து மறுபடி சாப்பிட்டான். அடுத்த தடவை சூடாக்கும் பிளக்குகளைப் பிடித்துக்கொண்டான், ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன பல்பு வழியாகக் கம்பி கொடுத்துப் பார்த்தான், ஒன்றில் மட்டும் பல்பு எரியவில்லை. “செத்தது ஒண்ணு இருந்தா மத்ததும் மனசொடிஞ்சு போகும். இதான் வியாதி, இதத் தவிர வேற இல்ல.” அதை மாற்றினான். நல்ல முன்னேற்றம், கால்வாசி நேரம் கெஞ்சினாலே எழுந்து நின்றது, ஆனால் ஒரே திருப்பில் கிளம்புகிற வண்டி என்று மெதெரிடம் சொன்னால் குதிரையே சிரிக்கும்.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன், கவனித்ததோடு சரி. தூலத்துக்கு உன் அக்காள் போடுகிற சாப்பாடு ஒவ்வொரு தடவையும் பெரிசாகிக்கொண்டே போனது. ஒரு வியாதியை அவன் கண்டுபிடித்து அது வியாதி இல்லை என்று ஆகும்போதெல்லாம் அவள் வெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்துவாள். “பாவம், அலைஞ்சு களைச்சுப் போயிருக்கான்” என்பாள். காலையில் கண்ணேறு போக ஜூனிபர் மர மிளாறைத் தட்டில் புகையவிட்டு வண்டியை மூன்று தரம் சுற்றி வருவாள், சுற்றும்போது உதடு அசையும். என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று கேட்டேன். “வண்டிக்கு நல்லது நடக்கணும்னு” என்றாள். வண்டிக்கு எது நல்லது என்பதில்தான் எனக்கும் அவளுக்கும் கருத்து வேற்றுமை.

பூனையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நம் பூனை காலைதோறும் பானெட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஒரே இடத்தில், வலது பக்கத்து ஓரத்தில், காதை விடைத்துக்கொண்டு. சூட்டுக்காக உட்காருகிறது என்று நினைத்தோம். கிளம்பாத வண்டியில் ஏது சூடு என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. தூலத் மூன்றாவதோ நான்காவதோ தடவை வந்தபோது வண்டி எப்படியோ எழுந்து நின்றது, அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான், அது மூச்சுத் திணறிக் கறுப்பாகப் புகை தள்ளியது. அவன் புகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தான். “அண்ணே, நீங்க அன்னிக்கு என்னமோ கேட்டீங்களே” என்றான். எனக்கு நினைவில்லை என்றேன், நன்றாக நினைவிருந்தது. அணைத்துவிட்டுப் பானெட்டைத் தூக்கினான். பூனை இறங்கியது, ஆனால் ஓடவில்லை, எங்களோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டுகிற கறுப்புப் பெட்டி இருக்கிறதே, நான்கு பக்கமும் கிளிப் போட்டது, அதை அவன் திறந்தான். பூனை எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டது. இரண்டு எலிகள் தூலத்தின் சட்டைக் கைக்குள்ளே போய்க் கழுத்து வழியாக வெளியே வந்தன, அவனோ எஞ்சினைத் தொடாமல் வியாதி சொல்கிறவன், இப்போது எதையும் தொடாமல் வாசல் வரைக்கும் ஆடிக்கொண்டே போனான்.

பெட்டி நிறையக் கம்பளி நார். எலிகள் பேட்டரிக் கம்பளியைக் கடித்துக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தன, காற்று போக ஒரு விரல் சந்துகூட இல்லை. கூட்டை விலக்கினால் அடியில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்குள் ஒரு ரொட்டி. அதில் பெரும்பகுதியை எலிகள் தின்றிருந்தன, உள்ளங்கையளவு மிச்சம், அதன் ஓரத்தில் மனிதப் பல் பட்ட தடம், முன்பல் ஒன்று கோணலாக. உன் பல், உலார்பெக். நீ கஸானுக்குக் கிளம்பிய அன்று உன் அக்காள் நீட்டிய ரொட்டி. நீ ஒரு வாய் கடித்தாய், மிச்சம் நீ திரும்பி வந்து தின்பதற்கென்று உத்தரத்தில் தொங்கியது. அது அங்கே இல்லாமல் போனதை இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை, மேகம் பார்த்த கண் உத்தரம் பார்க்கவில்லை.

தூலத் தொப்பியைக் கழற்றினான். ஜோல்தோஷ் இரண்டு கையையும் ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான், தொட்டுவிடக்கூடாதே என்று. ஊர்விட்டு ஊர் போனவன் கடித்து வைத்த ரொட்டியை வேறு யார் எடுப்பது? உன் அக்காள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“நீயா வச்ச?” என்றேன்.

“நான்தான் வச்சேன்.”

“இது என்ன பெட்டின்னு தெரியுமா உனக்கு?”

“ரொட்டிப் பெட்டி” என்றாள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல். “தெறந்து பாத்தேன், உள்ள சுத்தமா வெள்ளைக் காகிதத்த மடிப்பு மடிப்பா விரிச்சிருக்கு, கிளிப் போட்டு மூடி இருக்கு. வேற எதுக்குச் செய்வாங்க? தூர வழி போறவங்க ரொட்டி வைக்கத்தான் செஞ்சிருக்காங்கன்னு நெனச்சேன்.”

தூலத் எதையோ விளக்க வாயைத் திறந்தான், ஜோல்தோஷ் அவன் காலை மிதித்தான்.

“உத்தரத்துல இருந்ததுக்கு என்ன கேடு?” என்றேன்.

“வீட்டுல தொங்கினா வீட்டுக்கு வருவான்னு பாத்தேன். போன் பேசறப்பெல்லாம் அவன் வீட்டப் பத்திக் கேட்டானா? அக்கா எப்படி இருக்கன்னு கேட்டானா? வண்டி எப்படி இருக்கு, வண்டி எப்படி இருக்குன்னுதான கேட்டான். சரி, அவன் மனசு எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்னு கொண்டுபோய் வச்சேன். வச்சதும் நீங்க வண்டி கிளம்பலன்னீங்க. நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், “எலிதான் வரும்னு நெனைக்கல.”

மச்சான், இத்தனை வருஷம் இந்தப் பெண்ணோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், ஒரு முழுக் குளிர்காலமும் அவள் கண்முன்னால் மூன்று ஆம்பிளைகள் பேட்டரியைத் தாலாட்டி, குதிரையை ஓட்டி, டீசலை வடித்திருக்கிறோம், அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் வெண்ணெயை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. அவளுக்கு நீ எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

துணியோடு ரொட்டியை அவளே எடுத்தாள், மறுபடி உத்தரத்தில் தொங்கவிட்டாள். தூலத் நாரைச் சுரண்டி எடுத்து, வடிகட்டியைத் தட்டி, ஊதி, பெட்டியை மூடினான். நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முழுசாகக்கூடத் திருப்பவில்லை, வண்டி கிளம்பி நின்றது, சத்தம் அவ்வளவு சீர், வெந்நீர் கொதிக்கிற சத்தம். யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. தூலத்கூட “இதான் வியாதி” என்று சொல்லவில்லை.

“சரியாயிருச்சா?” என்றாள் உன் அக்காள் வாசலிலிருந்து.

“சரியாயிருச்சு.”

“அப்ப போயிரும்” என்று உள்ளே போய்விட்டாள்.

ஆக உலார்பெக், நான் ஏற்றுக்கொண்ட காரியம் குறைவில்லாமல் முடிந்தது. இப்போது தினமும் ஒரே திருப்பில் கிளம்புகிறது, எனக்குத் தூங்கவே நேரம் கொடுப்பதில்லை. மெதெருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை வருகிறார். நீ சொன்னபடி வண்டியை ஓட்டிக் காட்டி, சாவியை அவர் கையில் கொடுப்பேன், இந்த விஷயத்தில் உன் அக்காள் சொல்வதைக் கேட்கப்போவதில்லை. வாக்கு என்றால் வாக்குத்தான். நீயும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உனக்கு எந்த ஊர் ஒத்துக்கொள்கிறதோ அதுவே உன் ஊர், பெரியவர்கள் நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம்.

உன் நெஞ்சில் தூசி படியாதிருக்கட்டும், உன் வழியில் கல் கிடக்காதிருக்கட்டும், உன் தட்டு காலியாகாதிருக்கட்டும், மேஸ்திரிக்கு நல்ல புத்தி வரட்டும். ஜோல்தோஷ், தூலத், குதிரை, குட்டி எல்லோரும் விசாரித்தார்கள். பூனையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

இப்படிக்கு, உன் நலனையே எண்ணியிருக்கும் அத்தான்,
தெமிர்குல்.

பின்குறிப்பு: ஜோல்தோஷின் மருமகனுக்கு ரயில் டிக்கெட் அடுத்த வாரம் சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது, அதனால் இதையும் எழுதுகிறேன். மெதெர் வந்தார். நல்ல மனிதர், குளிரிலிருந்து வந்தவர் கையைக்கூடத் தேய்க்காமல் வண்டியைத்தான் முதலில் கேட்டார். திருப்பினேன், கிளம்பியது. அவர் திருப்பினார், கிளம்பியது. மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தோம், துணி விரித்து ரொட்டி பிட்டு வைத்தோம், உன் அக்காள் அவருக்குத் தேநீர் ஊற்றினாள். அவர் கையை நீட்டினார், “எனக்குத் திருப்தி, சாவியக் குடுங்க பெரியவரே. வண்டியில ஏதாவது கோளாறு இருந்தா இப்பவே சொல்லிருங்க, பின்னால மனஸ்தாபம் வேண்டாம்” என்றார். சாவி என் கையில்தான் இருந்தது. கொடுக்கத்தான் கையைத் தூக்கினேன்.

“ஒரே ஒரு கோளாறு இருக்கு” என்று என் வாய் சொன்னது.

“என்னது?”

“இதோட சொந்தக்காரன் திரும்பி வர்றான். வழியில இருக்கான்.”

உன் அக்காள் என்னைப் பார்த்தாள். அதுவரைக்கும் விருந்தாளி இன்னும் இருக்கட்டும் என்று அவருக்கு அரைக்கிண்ணமாக ஊற்றிக்கொண்டிருந்தவள், இப்போது விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். கிளம்புங்கள் என்று நம் வீடுகளில் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? மெதெர் கோபப்படவில்லை. முழுக்கிண்ணத்தையும் பொறுமையாகக் குடித்தார், இரண்டு உள்ளங்கையையும் விரித்து, “வழியில இருக்கறவன் சுகமா வந்து சேரட்டும்” என்று வேண்டி முகத்தைத் தடவிக்கொண்டார். நாங்களும் கையை விரித்து முகத்தைத் தடவிக்கொண்டோம், வேறென்ன செய்வது? பிறகு அவர் போய்விட்டார். இத்தனை வயசுக்கு, ரொட்டி வைத்த துணிக்கு முன்னால் உட்கார்ந்து நான் பொய் சொன்னதில்லை, மச்சான். அன்றைக்குச் சொன்னது பொய்யா இல்லையா என்று உன் அக்காள் தினமும் ஒரு தரம் கேட்கிறாள், உலார்பெக்கிடம் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.